பற்று

உம்சிண்டோவில் பழைய ரயில் சரக்குக் கொட்டகைதான்
அருங்காட்சியகம். இரண்டே அறை.
தலைக்குப் பத்து ராண்ட். சில்லறை இல்லையென்றால்
சும்மா போய்ப் பாருங்கள் என்றார் ஸோத்வா,
பின்னிக்கொண்டிருந்த பச்சைக் கம்பளியிலிருந்து
கண்ணெடுக்காமல்.
மாமனாருக்கு அது பிடிக்கவில்லை.
ஐந்து பேருக்கும் எண்ணி, தட்டி, நேராக்கி
மேசைமேல் வைத்தார்.

முதல் அறையில்
கரும்புக் கத்தி, தகர வில்லைகள்,
மிதி உடைந்த தையல் எந்திரம்,
எண்பத்தைந்தாம் வருஷத்து வலைப்பந்து அணி.
"பின்வரிசையில் கண்ணை மூடிட்டு நிக்கிறது நான்!"
நாத்தனார் நிர்வாஷ்னி கத்தினாள்.
ஐம்பத்திரண்டு வயதில்
அருங்காட்சியகத்துக்குள் போய்விட்ட துக்கத்தில்
அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

இரண்டாம் அறையில், கண்ணாடிக்கு அடியில்
ஒற்றைத் தாள். பழுப்பு. ஓரமெல்லாம் பூச்சி தின்றது.
பக்கத்து அட்டையில் ஆங்கிலத்தில்:
தமிழ்ப் பக்திப் பாடல். காலம் தெரியவில்லை.

மாமனார் ஷூவைக் கழற்றினார்.
அவர் கழற்றியதால் என் கணவன்.
அவன் கழற்றியதால் என் மகள்.
நான் குனியுமுன் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கோவில்பட்டியில் பிறந்து
டர்பனுக்குக் கணினி வேலைக்கு வந்து
இந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்.
நான்கு தலைமுறையில் இவர்கள் கையிலிருந்து
நழுவிப்போன எழுத்தை
நான் ஏதோ கைப்பையில் போட்டு எடுத்து வந்ததுபோல
"படிம்மா" என்றார்.

உச்சியில் ஒரு உ.
கல்யாணப் பத்திரிகையில் பார்த்த பழக்கத்தில்
கன்னத்தில் போட்டுக்கொண்டார்.
அதற்குக் கீழே, கோடிழுத்து,
பற்று.

யாரோ, பாவம், அகராதியைப் புரட்டியிருக்கிறார்.
பற்று: அன்பு, பக்தி.
அடுத்த பொருளுக்குப் போவதற்குள்
சாப்பாட்டு மணி அடித்திருக்கும்.

வீரம்மா, பருப்பு அரைப்படி.
வீரம்மா, உப்பு.
சின்னக்கண்ணு, மண்ணெண்ணெய்.
வீரம்மா, புகையிலை.
ஞாயிறு தருவதாகச் சொன்னாள்.
வீரம்மா, மறுபடி புகையிலை. ஆக ஷில்லிங் உ.
பிள்ளையாருக்குப் போட்ட அதே சுழி,
இங்கே பழைய இரண்டு.
இனிக் கொடுக்க வேண்டாம்.

வாய் வரவில்லை எனக்கு.
மாமனாரின் காலுறையில், பெருவிரல் பக்கம், ஓர் ஓட்டை.
"எந்தச் சாமி?" என்றார் மெதுவாக. "முருகனா?"

பின்னால் ஊசிச் சத்தம் நின்றது.
"பாட்டு இல்லைதானே அது?" ஸோத்வா.
"எனக்கு அந்த எழுத்துத் தெரியாது.
ஆனால் பாட்டுக்கு வலது ஓரத்தில் எண் எதற்கு?
குவாமாஷுவில் எங்கம்மா கடை வைத்திருந்தார்.
அவர் நோட்டும் இப்படித்தான் இருக்கும்.
பேர், பேர், பேர்,
கடைசியில் கோபம்.
ஆறு வருஷமாக இந்தக் கண்ணாடியைத் துடைக்கிறேன்.
என்னை யாரும் கேட்கவில்லை."

பருப்பில் தொடங்கினேன்.
தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி.
இரண்டாம் புகையிலையில் நிர்வாஷ்னி வெடித்துச் சிரித்தாள்.
மகள் புகையிலை என்றால் என்னவென்றாள்.
மாமனார் மட்டும் உட்கார்ந்து ஷூவைப் போட்டு,
நாடாவை இழுத்து முடிந்து,
குனிந்தபடியே கேட்டார்:
"கொடுத்தாளா?"

ஆறு தலைகளும் கண்ணாடிமேல்.
தீர்ந்த கணக்கை அடித்து வைத்திருந்தான் கடைக்காரன்.
சின்னக்கண்ணுமேல் கோடு.
வீரம்மாவின் கடைசி வரியில், கோடு இருந்திருந்தால்
எங்கே இருந்திருக்குமோ
அங்கே பூச்சி.

அட்டையை மாற்றணும் என்றார் ஸோத்வா,
மேலே எழுதிக் கேட்டால் ஒரு வருஷம் ஆகும்.
"மெதுவா மாத்துங்க" என்றார் மாமனார்.
"கடன்காரின்னு ஆங்கிலத்துல எழுதி மாட்டுறதுக்கு
என்ன அவசரம்?"

தூறல். முன்னால் ஒரு கரும்பு லாரி,
தோகைகளை உதிர்த்துக்கொண்டு.
பார்க் ரைனி திருப்பத்தில், ஜன்னலைப் பார்த்தபடி:
"ரெண்டு ஷில்லிங், இன்னைக்கு எவ்வளவு வரும்?"
கணவன் வைப்பரைப் போட்டான்.
யாருக்கும் தெரியவில்லை.